மைக்கில் சொன்ன மனக்குறை

"அந்தச் சுடலைப் பயகிட்ட இருக்கிறது எங்கிட்ட ஏன் இல்ல, தாயி?"

உட்காருவதற்கு முன்பே குற்றாலிங்கம் கேட்டார்.

மரகதம்மாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

அவர் வசித்தது ஊருக்கு வெளியே, ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி ஆலையில். செவ்வாய்க்கிழமைகளில் ஆட்கள் வந்து களத்தில் காத்திருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து கேட்பார்கள். சில சமயம் அவர் பதில் சொல்வார்.

குற்றாலிங்கத்தைவிட அவர் இருபது வயது இளையவர். குற்றாலிங்கம் மூன்று வருடமாக வருகிறார். தன்னைச் சீடன் என்றும் சொல்லிக்கொள்கிறார். கார் மட்டும் தெரு முனையிலேயே நின்றுவிடும்.

பஜாரில் அவருக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. நாற்பது பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். எதிரே, தகரக் கூரைக்குக் கீழே, சுடலைமுத்துவின் கடை. அங்கே ஆறு பேர். சுடலைமுத்து ஒரு காலத்தில் குற்றாலிங்கத்தின் கடையில் துணி மூட்டை சுமந்தவர்.

"அவர்கிட்ட என்ன இருக்கு?"

"அதான் தெரியல. ஏசி இல்ல. லிஃப்ட் இல்ல. ஒரே ஒரு காத்தாடி, அதுவும் கடகடன்னு சுத்துது. ஆனா அந்தப் பிள்ளைங்க சிரிக்குதுங்க."

"உங்க கடையில?"

"கஸ்டமர் வந்தா சிரிக்கும்."

முறம் ஏறி இறங்கியது.

"மாடி ஜன்னல்ல நின்னு தினமும் பார்க்கேன். மத்தியானம் அவன் அதுங்ககூட உட்கார்ந்து திங்கான். ஒருத்தி அவன் தட்டுலேருந்து அப்பளத்தை எடுத்துட்டு ஓடுதா. முதலாளி தட்டுலேருந்து! எனக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்தப்போ நாலு பேரு பார்க்க வந்தாங்க. அவங்க கொண்டுவந்த பழமும் மேனேஜர் வாங்கிக் கொடுத்து அனுப்புனது. அவனுக்குச் சளி பிடிச்சா ஆறு வீட்டு ரசம் வருது."

"ரசம் வேணுமா?"

"ரசம் இல்ல தாயி. இங்க எரியுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவன் இங்க வாரானா?"

"ஒரு தடவை வந்தார்."

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

"தண்ணி கேட்டார். கொடுத்தேன்."

குற்றாலிங்கம் நம்பவில்லை. தனக்குச் சொல்லாத ஏதோ ஒன்றை அவனுக்குச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தார்.

தனக்கும் தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"நானும் சும்மா இருக்கல," என்றார். "மூணாம் மாடியில மன அமைதி அறைன்னு ஒண்ணு கட்டியிருக்கேன். மெத்தை நாற்காலி. மீன் தொட்டி. வாரம் ரெண்டு நாள் மனசுக்கு ஆலோசனை சொல்லுத டாக்டரம்மா. இந்த ஜில்லாவுல எவன் கடையில இருக்கு?"

அவர் சொன்னது உண்மை. அப்படி ஓர் அறை வேறு கடையில் இல்லை. வேலை செய்யும் பெண்களுக்கு அவர் கடையில் வேறு எங்கும் நாற்காலியும் இல்லை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். மனம் கனத்தால் மட்டும் மூன்றாம் மாடிக்கு ஏறி உட்காரலாம்.

"யாரு போறாங்க?"

"முதல்ல போனாங்க. இப்போ டாக்டரம்மாவும் மீனும்தான் இருக்கு."

"இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

குற்றாலிங்கம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பேச்சித்தாயி ஒன்பது நாளா வேலைக்கு வரல."

பேச்சித்தாய் அவர் கடையில் பட்டுப் பிரிவில் இருப்பவர். பத்தொன்பது வருடம். வாசலில் நுழையும் குடும்பத்தைப் பார்த்ததுமே எந்த அடுக்கில் கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கல்யாண மாதம் பிறக்கப்போகிறது.

"சுவரைப் பார்த்துப் படுத்திருக்காளாம். ஆள் அனுப்பினேன், பேசல. நேத்து அந்தச் சுடலை அவ வீட்டுக்குப் போயிருக்கான். அவ அவன் கடைக்குப் போயிட்டான்னா..." மேல்துண்டை முறுக்கினார். "அவளை எப்படித் திருப்பிக் கொண்டுவரது? அதை மட்டும் சொல்லுங்க."

"அவளுக்கு என்ன?"

இதற்குக் குற்றாலிங்கம் தடையில்லாமல் பதில் சொன்னார். "மக கல்யாணம் நின்னுபோச்சு. அதுலேருந்து தூக்கம் இல்ல. சேலை மடிக்கையில கை நடுங்குது. ஒருநாள் விடியக்காலம் கிணத்தடி வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கா."

முறம் நின்றது.

"இதை யாருகிட்ட சொன்னா?"

"டாக்டரம்மாகிட்ட. கதவைச் சாத்திக்கிட்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சனிக்கிழமை தோறும் எழுதித் தந்துருவாங்க. பேரு போட்டு. சம்பளம் நான்தானே கொடுக்கேன்?"

"படிச்சிட்டு என்ன செஞ்சீங்க?"

"நல்லதுதான் செஞ்சேன். பட்டுல டென்ஷன் அதிகம். கீழ, கைலி, துண்டு விக்கிற இடத்துல போட்டேன். மறுநாள் காலையில, சாமி பாட்டு முடிஞ்சதும், மைக்கில சொன்னேன்."

"என்னன்னு?"

"'நம்ம பேச்சித்தாயிக்கு மனசு சரியில்ல. எல்லாரும் அவளை அனுசரிச்சுப் போங்க, அவளுக்காகக் கடவுளைக் கும்பிடுங்க'ன்னு. எந்த முதலாளி சொல்லுவான்? சுடலை சொல்லுவானா?"

மரகதம்மாள் முறத்தை ஒதுக்கி வைத்தார்.

"உங்களுக்குத் தூக்கம் வருதா அண்ணாச்சி?"

முதலாளிகளுக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். குற்றாலிங்கம் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. சொன்னார்.

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தத் தகரக் கூரை தெரிகிறது. அது தீப்பிடிப்பதாக ஒரு தடவை கனவு கண்டார். விழித்ததும் அது கனவுதானா என்று வருத்தப்பட்டார். சுடலைமுத்துவின் மகளுக்கு நல்ல மார்க் வந்த அன்று தூக்க மாத்திரை போட்டுக்கொண்டார். மனைவிக்கும் இது தெரியாது.

சொல்லி முடித்தபோது அவர் கண் நனைந்திருந்தது. மனம் கொஞ்சம் இலேசாகவும் இருந்தது.

மரகதம்மாள் எழுந்தார். கதவைத் திறந்தார். களத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பஜாரைச் சேர்ந்தவர்கள்.

"எல்லாரும் இங்க கேளுங்க," என்றார் உரக்க. "நம்ம குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு மனசு சரியில்ல..."

குற்றாலிங்கம் பாய்ந்தார். அறுபத்து மூன்று வயதில், நெஞ்சில் ஆபரேஷன் ஆன உடம்போடு பாய்ந்து, கதவை இழுத்துச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"தாயி! நான் பஜார்ல எப்படி நடப்பேன்?"

"எல்லாரும் அனுசரிச்சுப் போவாங்க."

குற்றாலிங்கம் கதவிலேயே சாய்ந்து நின்றார். வெளியே யாரோ, "அண்ணாச்சிக்கு என்னவாம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

மரகதம்மாள் மறுபடி முறத்தை எடுத்தார்.

பேச்சித்தாயின் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரே வரிசையாகக் கட்டிய எட்டு வீடுகளில் கடைசி. குற்றாலிங்கம் நேராக அங்கே போனார். இந்த முறை கார் வாசல் வரை வந்தது.

பேச்சித்தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சுடலைமுத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

குற்றாலிங்கத்துக்கு வந்த காரியம் மறந்துவிட்டது.

"ஏலே சுடலை, எவ்வளவு தாரேன்னு சொல்லிக் கூப்பிட்டே?"

"வாங்க அண்ணாச்சி. கூப்பிடலையே."

"பிறகு இங்க என்ன சோலி உனக்கு?"

"மொச்சை உரிக்கேன்."

"எங்கிட்ட விளையாடாதே."

சுடலைமுத்து கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க குடோன்ல ஒரு மாசம் நான் மூட்டை மேலேயே படுத்துக் கிடந்தேன் அண்ணாச்சி. எங்க அம்மா செத்த வருசம். உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வேலை போயிருக்கும். நீங்க கேட்டா, 'சரக்கு எண்ணிக்கிட்டிருக்கான்'னு இவதான் சொல்லுவா. சாப்பாட்டு நேரத்துல மேல வந்து என் பக்கத்துல இருப்பா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. யாருகிட்டயும் சொன்னதும் இல்ல."

என் குடோனில், என்று நினைத்தார் குற்றாலிங்கம். என் கூரைக்குக் கீழே. எனக்குத் தெரியாமல்.

அதற்கும் எரிந்தது.

அவர் படுத்திருந்தவரின் முதுகைப் பார்த்துப் பேசினார். "பேச்சித்தாயி, நான் மைக்கில சொன்னது தப்பு. நாளையிலேருந்து நீ பட்டுலயே நில்லு. அந்த அறையைப் பூட்டிருதேன்."

முதுகு அசையவில்லை.

"டாக்டரம்மா எழுதித் தந்த தாளை எல்லாம் எரிச்சிருதேன்."

பேச்சித்தாய் திரும்பினார்.

ஒன்பது நாளில் முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்தார். முடியை அள்ளி முடிந்தார்.

"எத்தனை தாளு?"

"நாப்பது பேருக்கும் இருக்கு."

"எல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எரிச்சா மறந்துருமா முதலாளி?"

குற்றாலிங்கம் பொய் சொல்ல நினைத்தார். வரவில்லை. "மறக்காது."

"எங்களைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியும். உங்களைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் எப்படி வந்து அங்க நிப்பேன்?"

"என்ன தெரியணும்?"

"ஒண்ணே ஒண்ணு. யாருகிட்டயும் நீங்க சொல்லாதது. சொல்லுங்க, நாளைக்கு வாரேன்."

குற்றாலிங்கம் மொச்சைத் தோலைப் பார்த்தார். அதை உரித்த கையைப் பார்த்தார்.

"சொல்லுதேன். சுடலையை மட்டும் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லு."

சுடலைமுத்து எழுந்தார்.

"நீ இரு," என்றார் பேச்சித்தாய் அவரிடம். பிறகு முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். "என்னைப் பத்திச் சொல்லும்போது நீங்க யாரையும் வெளிய அனுப்பலையே முதலாளி."

குற்றாலிங்கம் தரையில் உட்கார்ந்தார்.

"சுடலைமுத்துவோட தகரக் கூரை..." என்று ஆரம்பித்தார்.