தலையாட்டிய வெளிமான்

ஆற்றுக்கு இக்கரையில் அடர்ந்த காடு. அந்தக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. ஆபத்தை எப்படி அறிவது, அறிந்தால் என்ன செய்வது என்று இளம் விலங்குகளுக்கு அங்கே ஒரு கடமான் பாடம் நடத்தியது.

அக்கரையில் இருந்த புல்வெளி கருகிப் போனதால், தூவி என்ற வெளிமான் ஆற்றைக் கடந்து இந்தக் கல்லூரியில் படிக்க வந்தது. அது தேறினால் தங்களுக்கும் காட்டில் இடம் கிடைக்கும் என்று அதன் கூட்டமே அதை நம்பியிருந்தது. மழைக்கு முன் நடக்கும் தேர்வில் தோற்றவர்களுக்குக் காட்டில் இடமில்லை.

முதல் நாள் பாடம் தொடங்கியது. கடமான் காட்டுப் பேச்சில் மளமளவென்று பேசியது. மந்தி விட்டு விட்டு இருமினால் சிறுத்தை, அசையாமல் படுக்க வேண்டும். காட்டுக்கோழி கொக்கரித்தால் மலைப்பாம்பு, எழுந்து ஓட வேண்டும். தூவிக்குப் பாதி சொற்கள் காதிலேயே ஏறவில்லை. மந்தியின் குரலையும் கோழியின் குரலையும் அது அதுவரை கேட்டதே கிடையாது.

பாடம் முடிந்ததும் கடமான், “புரிந்ததா?” என்று கேட்டது.

எல்லோரும் தலையாட்டினார்கள். தூவியும் ஆட்டியது. இல்லை என்று சொன்னால் அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். மறுநாளும் ஆட்டியது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல இன்னும் பயமாகிவிட்டது. மற்றவர்கள் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். இரவில் தூக்கம் வராது.

ஒரு காலை எல்லோரும் உப்பு மண் நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தபோது மேலே மந்தி இருமியது. நொடியில் எல்லோரும் புதருக்குள் அசையாமல் படுத்துக்கொண்டார்கள். பாதையில் தூவி மட்டும் தனியே நின்றது. புல்வெளியில் எச்சரிக்கைக் குரல் கேட்டால் உயரத் துள்ளி நாலாபக்கமும் பார்ப்பது வழக்கம். தூவியும் துள்ளியது.

சிறுத்தை அதைப் பார்த்துவிட்டது.

மஞ்சள் கண்கள் நெருங்கி வந்தன. எந்தப் பக்கம் ஓடுவது என்று தூவிக்குத் தெரியவில்லை. அப்போது பக்கத்து ஈங்கை முட்புதரின் அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது. கூடப் படிக்கும், முயலளவே இருக்கும் சருகுமான் நெட்டியின் குரல் அது.

“தூவி, படு. என் குரல் வரும் பக்கம் ஊர்ந்து வா.”

தூவி வயிற்றால் ஊர்ந்து முட்களுக்குள் புகுந்தது. சிறுத்தை பாய்ந்து பாதத்தை நீட்டியது. ஈங்கை முள் ஆழமாக ஏறியது. அது உறுமிக்கொண்டே புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் மூச்சு தூவியின் முதுகில் பட்டது. வெகுநேரம் கழித்து நொண்டியபடி போய்விட்டது.

வெளியே வந்ததும் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இதற்கு மூளையே இல்லை, நம்மையும் சேர்த்துக் கொல்லப் போகிறது, அனுப்பிவிடுங்கள் என்று காட்டுப்பன்றி சொன்னது.

“தினமும் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?” என்றது கடமான்.

“அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன்” என்றது தூவி. முள் கிழித்த காதிலிருந்து ரத்தம் சொட்டியது.

நெட்டி முன்னால் வந்தது. “ஐயா, எல்லோர் முன்னாலும் புரிந்ததா என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? இந்தக் காட்டிலேயே பிறந்த நானும் முதல் மாதம் சும்மாதான் தலையாட்டினேன்.”

கடமான் பன்றியைப் பார்த்தது. “நானும் அப்படித்தான்” என்று பன்றி ஒப்புக்கொண்டது.

மறுநாளிலிருந்து கடமான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. குரல் கேட்டால் அவரவர் ஊரில் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்டது. பிறகு இங்கே என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவரையும் செய்து காட்டச் சொன்னது. பேச்சையும் நிதானமாக்கிக்கொண்டது. மாலையில் நெட்டி மந்தியைப் போல இருமிக் காட்டும், தூவி படுத்துப் பழகும். துள்ளத் துடிக்கும் கால்களை அடக்குவது எளிதாக இல்லை.

தேர்வு நாள் வந்தது. தூவி முன்னால் வந்து நின்றது. தேர்வுக்காகத் தொலைவில் ஒரு குரல் எழுந்தது. மந்தியா, கோழியா என்று தெரியவில்லை. எல்லோரும் தூவியையே பார்த்தார்கள்.

“எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை வேண்டும்” என்றது தூவி.

கடமான் மந்தியை மறுபடி இருமச் சொன்னது. தூவி காதை நிமிர்த்திக் கேட்டது. பிறகு மெல்ல மடங்கி, சருகோடு சருகாகப் படுத்துக்கொண்டது.

நீதி: வேற்றிடத்திலிருந்து வந்தவர், புரியவில்லை என்று அஞ்சாமல் சொல்ல இடம் கொடுப்பதே அவருக்குச் செய்யும் முதல் உதவி.