நூறு கோடியே ஏழு

கணக்கு மடத்தில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு எண்ணைக் கொடுப்பார்கள். அதை இரண்டு சிறிய எண்களின் பெருக்கமாக உடைத்துக் காட்டிவிட்டால் படிப்பு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

செங்கோடனுக்குக் கிடைத்தது நூறு கோடியே ஏழு. லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டியவர். தீபாவளிக்குள் வந்துவிடுவதாக மனைவி நல்லம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தார். ஆறு தீபாவளி போய்விட்டது.

மடத்து முறைப்படி நாளைக்கு நான்கு வகுத்தல். ஒவ்வொன்றையும் இரண்டு முறை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களாக எடுத்து வகுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு மீதி நின்றது. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சமையற்கட்டில் ஒருவர், அண்ணன் எண்ணை உடைக்கிறாரா அடைகாக்கிறாரா என்று கேட்டார். செங்கோடனும் சேர்ந்து சிரித்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆசிரியை பத்மாசனி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். செங்கோடன் அவரிடம் போய், என் மண்டைக்கு இது ஏறாது, தோற்றவனாகவே ஊர் போய்ச் சேருகிறேன், நல்லம்மாளுக்கும் வயதாகிறது என்றார்.

எதுவரை வகுத்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார்.

"தொண்ணூறாயிரத்துக்குப் பக்கம் வந்துட்டேனுங்க."

ஆசிரியை இருபத்து நான்கு புளியங்கொட்டைகளைத் தரையில் போட்டு, சம வரிசைகளாக அடுக்கச் சொன்னார். செங்கோடன் இரண்டு வரிசை அடுக்கினார். கலைத்து மூன்று. கலைத்து நான்கு. ஐந்து சரிப்படாது என்று விட்டுவிட்டு, ஆறுக்காகக் கலைக்கப் போன கை நின்றது.

"இதைக் கலைக்க வேண்டாமுங்க. நான் இந்தப் பக்கம் வந்து உக்காந்தா இதுவே ஆறு வரிசை."

"எட்டு?"

"அது மூணு வெச்சப்பவே வந்துருச்சுங்க."

"உங்க எண்ணுல அப்படித் திரும்ப ஆரம்பிக்கிற எடம் எது?"

தன்னோடு தானே பெருகி நூறு கோடியைத் தொடுகிற எண்ணைச் செங்கோடன் தேடினார். முப்பத்தோராயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு கொஞ்சம் குறைந்தது. ஒன்று கூட்டினால் மிஞ்சியது. நோட்டைப் புரட்டினார். அந்த இடத்தை மூன்றாம் வருஷமே கடந்திருந்தார். அதற்கப்புறம் வகுத்ததெல்லாம், முன்பே பார்த்ததை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்ததுதான்.

"அப்போ இது உடையவே உடையாதுங்களா?"

"உடையாது."

செங்கோடன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். தெரிந்தேதான் கொடுத்தீர்களா என்று கேட்டார். தெரியாது, வாய்க்கு வந்த எண் என்றார் ஆசிரியை. உடைந்ததா என்று தினமும் கேட்டவள், எதுவரை என்று ஒரு நாளும் கேட்காதது தன் தப்பு என்றும் சொன்னார்.

செங்கோடன் பையை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"ஊர்ல கேப்பாங்க. முடியலைன்னு சொல்லிக்கட்டுங்களா?"

"முடியலைன்னு யாரு வேணும்னாலும் மொத நாளே சொல்லிரலாமுங்கண்ணா. உடையாதுன்னு சொல்ல நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க."