பத்தாவது வரி

“இதுல என்ன தப்பு டீச்சர்?” என்று கேட்டாள் எமிமா.

“தப்பு,” என்றாள் ஐடா டீச்சர்.

“அதான், எது தப்பு?”

“பத்தாவது வரி.”

ஐடா டீச்சருக்கு இருபத்தைந்து வயது. பாளையங்கோட்டையில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில், வெளிநாடு போகிற நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள்.

எமிமாவுக்கு முப்பத்து நான்கு. பன்னிரண்டு வருஷம் வார்டில் நின்றவள். சனிக்கிழமை அயர்லாந்துக்கு விமானம். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

அங்கே ஷிப்ட் மாறும்போது, அடுத்து வருகிற நர்சிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்புவிக்க வேண்டும். யாருக்கு என்ன கொடுத்திருக்கிறேன். யாருக்கு எதைக் காட்டியிருக்கிறேன். யாருக்கு என்ன சொல்லியிருக்கிறேன்.

அந்த இடத்தில்தான் எமிமாவுக்கு நாக்கு குழறியது.

அதற்கு டீச்சர் வைத்த விதி: தினம் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் ஆளும் வேண்டும், பொருளும் வேண்டும். ஆள் முதலில், பொருள் அடுத்து. எல்லாம் அவள் வீட்டில் செய்து முடித்ததாக இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை எழுதிக்கொண்டு வந்தாள். அத்தைக்குக் காப்பி கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு டிக்கெட்டை அனுப்பியிருக்கிறேன். தம்பிக்கு விசாவைக் காட்டியிருக்கிறேன். இப்படி ஒன்பது. ஒன்பதுக்கும் சிவப்பு மையில் டிக்.

பத்தாவது: ‘ஐ ஹேவ் டோல்டு மை டாட்டர் தி நியூஸ்.’ என் மகளுக்கு அந்தச் சேதியைச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பெருக்கல் குறி.

“ஆள் இருக்கா?” என்றாள் எமிமா.

“இருக்கு.”

“பொருள் இருக்கா?”

“இருக்கு.”

“சொல்லி முடிச்சாச்சுன்னு வருதா?”

“வருது.”

“பெறகு என்ன டீச்சர்!”

“தப்பா இருக்குக்கா.”

எமிமாவின் மகள் கெசியாவுக்கு ஐந்து வயது. வகுப்பு முடிகிறவரை கீழே சைக்கிள் கடையில், காற்றடிக்கிற பம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை எமிமா அதே வரியைக் குண்டு குண்டான எழுத்தில், அழகாக, கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

பெருக்கல் குறி.

புதன்கிழமை நூறு தடவை எழுதிக்கொண்டு வந்தாள்.

“இந்தாங்க,” என்று மேசையில் போட்டாள். “நான் படிச்ச கான்வென்ட்டுல மதர்கூட இதுக்கு மேல கேட்டதில்ல.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். முதல் வரிக்குப் பெருக்கல் குறி போட்டாள். இரண்டாவதற்குப் போட்டாள். மூன்றாவதற்குப் போட்டாள்.

எமிமா நின்றுகொண்டே இருந்தாள்.

எண்பதாவது வரியில் பேனா எழுதவில்லை. டீச்சர் அதை உதறினாள். உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள். மிச்சம் இருபதுக்கும் போட்டு முடித்தாள்.

“டீச்சர், ஒங்களுக்கு என்ன கிறுக்கா?”

“கையை நீட்டுங்கக்கா.”

அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தாள் எமிமா. பழைய பழக்கம். கை தானாக நீண்டது.

டீச்சர் தன் மூடிய கையை அதன்மேல் வைத்துத் திறந்தாள். எதுவும் விழவில்லை.

“ஒரு முட்டாய் கொடுத்திருக்கேன். தின்னுங்க.”

“எங்க இருக்கு?”

“அதான் சொல்லுதேன்லா, கொடுத்திருக்கேன்னு.”

“வெளையாடுதீங்களா டீச்சர்? எனக்கு இன்னும் மூணு நாள்தான் கெடக்கு. பெட்டி பாதிதான் அடுக்கியிருக்கேன். ஸ்வெட்டர் வாங்கணும். இங்க வந்து நீங்க முட்டாய் காட்டுதீங்க. அதுவும் இல்லாத முட்டாய்!”

டீச்சர் கோபப்படவில்லை. “வார்டுல மருந்து கொடுத்துட்டு சீட்டுல டிக் போடுவீங்களா, இல்ல டிக் போட்டுட்டு மருந்து கொடுப்பீங்களா?”

எமிமா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

கூட்டமான நாளில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். முதலில் சீட்டில் வரிசையாக டிக். அப்புறம் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். ஒரு நாள் பதினோராம் படுக்கைக்காரரை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். சீட்டில் எமிமா போட்ட டிக் இருந்தது. மாத்திரை தட்டில் இருந்தது. அடுத்த ஷிப்ட்காரி டிக்கைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டாள். சாயங்காலம் அந்த மனுஷன் காய்ச்சலில் கட்டிலோடு ஆடினார். பிழைத்துக்கொண்டார். எமிமாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அத யாரு சொன்னா ஒங்களுக்கு?”

“எத?” என்றாள் டீச்சர்.

கீழேயிருந்து கெசியாவின் குரல் வந்தது. மூன்று நாளாகக் கடைக்காரரிடம் சொல்வதையே இன்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா சனிக்கெழம ட்ரெயினிங் போறாங்க. திங்கக்கெழம வந்துருவாங்க. எனக்குப் பொம்மை வாங்கிட்டு வருவாங்க.”

“அப்படியா தாயி? எனக்கு?”

“ஒங்களுக்கு ஒண்ணும் கெடையாது.”

டீச்சர் சன்னலைப் பார்த்தாள். எமிமா தரையைப் பார்த்தாள்.

“அவ தூங்கும்போது கெளம்பிருன்னு அத்தை சொல்லுதாங்க,” என்றாள் எமிமா. “எல்லாரும் அப்படித்தான போறாங்க? ரெண்டு நாள் தேடும், மூணாம் நாள் மறந்துரும்னு.”

“ம்.”

“சொன்னா அழுவா டீச்சர். அவ அழுதா என்னால படியிறங்க முடியாது. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. நான் போகாட்டா எங்க வீட்டுல எதுவுமே நடக்காது.”

“ம்.”

“ம்முன்னா? ஏதாவது சொல்லுங்களேன்!”

“நான் இங்கிலீஷ் டீச்சர்க்கா. எனக்குப் பத்தாவது வரி மட்டுந்தான் தெரியும்.”

எமிமா நோட்டைப் படாரென்று மூடினாள். “நாளைக்கு நான் வரல.”

“சரிக்கா.”

“நாளன்னைக்கும் வரல.”

“சரி.”

வியாழக்கிழமை அவள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தாள். தலை வாரவில்லை. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் அத்தையின் செருப்பு. கெசியாவும் கூடவே மாடியேறி வந்தாள். அம்மாவின் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

டீச்சர் நோட்டை வாங்கினாள். ஒன்பது வரி இருந்தது.

“பத்தாவது?”

“எழுதல.”

“ஏங்கா?”

“எங்க எழுத? நேத்துச் சாயங்காலத்துலருந்து இவ என் இடுப்ப விட்டு எறங்கல. ஒத்தச் செருப்ப ஒளிச்சு வச்சுட்டா. பாஸ்போர்ட்ட அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டா. வீட்டையே கொடஞ்சு இப்பதான் எடுத்தோம். வரியாம், வரி!”

கெசியா டீச்சரை அண்ணாந்து பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

“மிஸ், ஒங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“எங்கம்மா திங்கக்கெழம வரமாட்டாங்க. எழுநூத்தி முப்பது தடவ தூங்கி எந்திரிச்சாத்தான் வருவாங்களாம். எனக்கு நூறு வரைக்குந்தான் எண்ணத் தெரியும்.”

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். மேலே இருந்த ஒன்பது வரியையும் அவள் படிக்கவில்லை.

அவற்றுக்குக் கீழே, ஒன்றும் எழுதாத கோட்டின்மேல், ஒரு டிக் போட்டாள்.