பலகை சொன்ன பள்ளத்துத் தண்ணீர்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. பேசும் பலகை வந்து சேர்ந்த பிறகுதான், குழந்தைகளே, அங்கே எல்லாருடைய மூளைக்கும் விடுமுறை விட்டார்கள்.

அந்தப் பலகை வெயிலைக் குடித்து வேலை செய்யும். தொட்டுக் கேள்வி கேட்டால் தேன் குரலில் பதில் சொல்லும். யாராவது தொட்டு ஒரு செய்தி சொன்னால், அதையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். தலைமை ஆசிரியர் யானைக்கு அதன்மேல் அப்படி ஒரு பெருமை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்.

பலகை சொல்ல வேண்டும். வகுப்புத் தலைவன் கிளி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பு முழுவதும் கிளியின் பின்னால் சொல்ல வேண்டும். இது யானை போட்ட சட்டம். இதற்குத்தான் அங்கே பாடம் என்று பெயர்.

வகுப்பு ஆசிரியை முள்ளம்பன்றிக்கு இது பிடிக்கவே இல்லை.

"ஐயா, முன்பெல்லாம் முயல் ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி கேட்டு என் உயிரை வாங்கும். இப்போது வாயையே திறப்பதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது."

"வகுப்பில் சத்தம் குறைந்தால் நல்லதுதானே!" என்று யானை காதை ஆட்டிக்கொண்டே போய்விடுவார்.

அந்த ஆண்டு கோடை பொல்லாததாக வந்தது. பள்ளிக்கூடத்துக் குளம் சேறாகி, சேறும் காய்ந்து வெடித்தது. ஒரு காலையில் மான்குட்டி வகுப்பிலேயே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டது.

யானை பதறிப்போய்ப் பலகையைத் தொட்டார். "தண்ணீர் எங்கே கிடைக்கும்?"

"கிழக்கே மூங்கில் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. வழியும் பத்திரமானது" என்றது பலகை.

"வழியும் பத்திரமானது!" என்றது கிளி.

"வழியும் பத்திரமானது!" என்றது வகுப்பு.

"வரிசையில் நில்லுங்கள். இப்போதே கிளம்புகிறோம்" என்றார் யானை.

"கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்று முள்ளம்பன்றி பலகையிடம் போனார். "இதை உனக்கு யார் சொன்னது?"

"நரி."

"நீ போய்ப் பார்த்தாயா?"

"எனக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. சொன்னதைச் சொல்கிறேன்."

"கேட்டீர்களா ஐயா? நரியாம்! நரி என்றைக்கு நமக்கு நல்ல வழி காட்டியது?"

"நரி சொன்னால் என்ன? இப்போது பலகை அல்லவா சொல்கிறது! பலகை எப்படித் தப்பாகச் சொல்லும்? உங்களுக்கு எதை எடுத்தாலும் குறை" என்று யானை பிளிறினார்.

முள்ளம்பன்றி நேராக வாசலுக்குப் போய், வழியை அடைத்துப் படுத்து, முள் எல்லாவற்றையும் சிலிர்த்துக்கொண்டார்.

"நான் நகர மாட்டேன். என் முதுகை மிதித்துவிட்டுப் போகிறவர்கள் போகலாம்."

யானை தம் காலைப் பார்த்தார். அந்த முள்ளைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

இந்தக் கலவரத்தில் குரங்கு சும்மா இருக்குமா? மெல்ல நழுவிப்போய்ப் பலகையைத் தொட்டு ஏதோ குசுகுசுத்துவிட்டுப் பல்லைக் காட்டியது. ஆசிரியையின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"டேய், இங்கே வா. அதனிடம் என்ன சொன்னாய்?"

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு வந்து அவர் காதோடு சொன்னது. காதைத் திருகுவதற்காகத் தூக்கிய கையை முள்ளம்பன்றி பாதியில் நிறுத்தினார். அவர் முகம் மலர்ந்தது.

"ஐயா, பலகை தப்பே சொல்லாது என்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்கட்டுமா?"

"தாராளமாகக் கேளுங்கள்!"

"பலகையே, எங்கள் தலைமை ஆசிரியருக்கு வால் உண்டா?"

"இல்லை. அவருக்கு வால் கிடையாது" என்றது பலகை, அதே தேன் குரலில்.

"அவருக்கு வால் கிடையாது!" என்றது கிளி.

"அவருக்கு வால் கிடையாது!" என்று வகுப்பே முழங்கியது.

யானைக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். வால் இருந்த இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது.

"குரங்கு இப்போதுதான் விளையாட்டுக்கு அதைச் சொல்லிவைத்தது ஐயா. உங்கள் ஒரு வாலுக்காகத் திரும்பிப் பார்த்தீர்களே, இத்தனை பிள்ளைகளின் உயிருக்காக அந்தப் பள்ளத்தை ஒரு தடவை பார்க்கக் கூடாதா?"

யானை மறுபடியும் தம் வாலைப் பார்த்துக்கொண்டார். அப்போது முயல் கையைத் தூக்கியது.

"டீச்சர், முதலில் ஒருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?"

எத்தனை நாளுக்குப் பிறகு முயல் கேட்ட கேள்வி! முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படிக் கேள் என் கண்ணே! யார் போவது?"

"யார் போவது? யார் போவது?" என்று வழக்கம்போலத் தொடங்கிய கிளி, எல்லாரும் தன் சிறகையே பார்ப்பதைக் கண்டு நிறுத்தியது. அதற்கு நடுக்கம்தான். ஆனாலும் பறந்தது.

திரும்பி வந்தபோது அதற்கு மூச்சு வாங்கியது. "அங்கே சொட்டுத் தண்ணீர் கூட இல்லை. புதருக்குள் நான்கு செந்நாய்கள் பதுங்கியிருக்கின்றன. மிச்சம் தின்பதற்கு நரியும் பக்கத்தில் காத்திருக்கிறது. நான் பார்த்தேன்."

இதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

"ஐயோ, நானே அல்லவா இவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்!" என்று யானை அழுதார். "இந்தப் பலகையை இப்போதே மிதித்து நொறுக்குகிறேன்."

"வேண்டாம் ஐயா. அது தன்னிடம் சொன்னதைத்தான் சொன்னது. நாம்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. பிள்ளைகளே, தாகம் பொறுக்காது. சீக்கிரம் கேளுங்கள்!"

மான்குட்டி தள்ளாடி எழுந்து பலகையைத் தொட்டது. "தண்ணீரைத் தன் கண்ணால் பார்த்ததாக யார் யார் சொன்னார்கள்? எப்போது பார்த்தார்கள்?"

"கரும்பாறை அடியில் ஊற்று இருப்பதைக் கொக்கு மூன்று நாளைக்கு முன் பார்த்தது. அதே ஊற்றைக் காட்டுப்பன்றி நேற்றுப் பார்த்தது."

"நரியைப் போல இவர்களுக்கும் நம்மிடம் ஏதாவது காரியம் இருக்குமோ?" என்றது குரங்கு.

"கொக்குக்கு மீன் போதும், பன்றிக்குக் கிழங்கு போதும். நாம் அங்கே போவதால் இவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை" என்றது முயல்.

"இருந்தாலும் நான் முன்னால் போய்ப் பார்த்துவிடுகிறேன்" என்று, யாரும் சொல்லாமலே, கிளி கிளம்பியது.

கிளி பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு, மான்குட்டியை யானை தும்பிக்கையில் ஏந்திக்கொள்ள, வகுப்பு கரும்பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. மான்குட்டி வயிறு முட்டக் குடித்து எழுந்து நின்றது. அதன் பிறகுதான் யானை தும்பிக்கையை ஊற்றில் வைத்தார்.

"ஆகா! கற்கண்டு போல இனிக்கிறது பிள்ளைகளே!"

"யார் சொன்னது ஐயா?" என்றது பாறைமேல் நின்ற முயல்.

யானைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இறங்கி வந்து நீயே குடித்துப் பார்!"

நீதி: பதில் சொல்ல ஆயிரம் கருவி வரலாம், கண்ணால் பார்த்தது யார் என்று கேட்பது நம் வேலை.