இருவாச்சிக்கு இறக்கைச் சத்தம் வந்த கதை

அந்தக் காலத்தில், மலைக்காட்டில் பறவைக்கும் அணிலுக்கும் மானுக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, இருவாச்சிப் பறவை சத்தமே இல்லாமல்தான் பறந்தது. பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அது வந்ததே தெரியும்.

அந்தப் பேச்சுக்கு மரப்பேச்சு என்று பெயர். அதில் நேற்று நடந்ததை யாரும் சொல்லலாம், நாளை நடக்கப்போவதையும் சொல்லலாம். இப்போது நடப்பதைச் சொல்லத்தான் கட்டுப்பாடு. கண் பார்த்தால்தான் சொல்லலாம். 'லூமி' என்றால், நான் இருக்கிறேன், நீ என்னைப் பார்க்கிறாய். 'லூரா' என்றால், அவள் இருக்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். பார்வைக்கு அப்பால் போன எவருக்கும் 'லூத்'தான். இருந்தாள், அவ்வளவுதான்; செத்தவருக்கும் அதே சொல்தான். மேயப்போன தாயைக்கூட மான்குட்டி 'லூத்' என்றுதான் சொல்லும். சாயங்காலம் தாய் திரும்பியதும் 'லூரா' என்று சொல்லித் துள்ளும். போனவர்கள் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டதால் இந்தப் பேச்சால் யாருக்கும் நோகவில்லை.

மருதாயி என்ற இருவாச்சிக்குத்தான் முதலில் நொந்தது. இரண்டு வருஷமாக அவள் இட்ட முட்டைகளை மரநாய் தின்றுவிட்டது. மூன்றாம் வருஷம் அவளும் புருஷன் வேங்கையனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவள் ஒரு பெரிய மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்தாள். வேங்கையனின் அலகு நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். குஞ்சு வளரும்வரை அவன் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டவேண்டும் என்று ஏற்பாடு. உள்ளே போன பத்தாம் நாள் அவள் இறக்கையிலிருந்த நீண்ட இறகெல்லாம் உதிர்ந்துவிட்டது. இனி நினைத்தாலும் பறக்க முடியாது. அவன் வந்தால்தான் அவளுக்குச் சோறு.

ஒருநாள் அவன் பழம் ஊட்டிக்கொண்டிருந்தபோது மலையணில் அந்தப் பக்கம் வந்தது.

"என்னப்பா வேங்கையா, உம் பொண்டாட்டியக் காணோமே?"

வேங்கையன் கீறலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "லூத்," என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. கண்ணில் படாதவளை வேறெப்படிச் சொல்வான்? ஆனால் சுவருக்கு உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "லூமி," என்று கத்தினாள்.

"யாரது? ஆளே காணோம், அதுக்குள்ள லூமியாம்," என்று சிரித்துவிட்டு அணில் போய்விட்டது.

"பேச்சு அப்படி, புள்ள. நான் என்ன பண்ணட்டும்?" என்றான் வேங்கையன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மருதாயி இருந்தாள், நல்லவளாக இருந்தாள் என்று காடே பேச ஆரம்பித்தது. நாகணவாய்ப் பறவைகள் கூட்டமாக வந்து வேங்கையனுக்கு ஆறுதல்கூடச் சொல்லிவிட்டுப் போயின. தினமும் ஒரு சொல்லைச் சொன்னால் அது மனசுக்குள் இறங்கிவிடும் அல்லவா? அவனும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினான். தினம் வந்தவன் ஒருநாள் விட்டு வந்தான். பிறகு இரண்டு நாள் விட்டு. சமாதியில் பூப் போடுகிறவனைப்போலக் கீறலில் பழத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவான்.

மருதாயிக்குப் பசியைவிட அந்த நிசப்தம்தான் கொடுமை. அவன் வருவதும் கேட்காது, போவதும் கேட்காது. இலை அசைந்தால் அவனோ என்று எழுந்திருப்பாள். காற்றாக இருக்கும். குஞ்சு பொரிந்து வாயைத் திறந்தபோது, "உங்கப்பா..." என்று தொடங்கினாள். அவனைக் கண்டு மூன்று நாளாகியிருந்தது. 'லூத்' என்பதைத் தவிர முடிக்க வேறு சொல் இல்லை. அவள் முடிக்கவில்லை. தன்னைப்போலத் தனியாக உலகத்தில் எவளும் கிடந்திருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தோன்றியது.

குஞ்சு புரள இடம் போதவில்லை. உதிர்ந்து கிடந்த இறகுகளை அவள் கீறல் வழியே வெளியே தள்ளினாள். கீழே கிடந்த அவற்றை மலையணில் பார்த்துவிட்டு வேங்கையனிடம் ஓடியது.

"உம் பொண்டாட்டி இறகெல்லாம் மரத்தடியில கெடந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். இனிமே பழம் சுமந்து என்னப்பா ஆகப்போவுது?"

கண்ணால் கண்டதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்.

வேங்கையன் வெறும் அலகோடு வந்தான். கடைசியாக ஒருமுறை அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தான். மரப்பட்டையில் கன்னத்தை வைத்தான். உள்ளே கீச்சென்று ஒரு சின்னக் குரல். அதைத் தொடர்ந்து, அவனுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு குரல்.

"அழாதே கண்ணு. அப்பா வருவாரு."

அவள் இருக்கிறாள். கண்ணில் படவில்லை, ஆனாலும் இருக்கிறாள். அதைச் சொல்ல அவனிடம் சொல் இல்லை.

"புள்ள," என்றான். "பழம் கொண்டாரல. தப்புப் பண்ணிட்டேன். உங்கொரலக் கேட்டேன்."

மருதாயி கீறலுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"நீங்க கேட்டுட்டீங்க, மாமா. எனக்கு என்ன வழி?" என்றாள் மருதாயி. "நீங்க வந்ததும் தெரியல, போனதும் தெரியல. பட்டினின்னாக்கூடக் கெடந்துருவேன். நீங்க இருந்தீங்கன்னு இந்தப் புள்ளைகிட்ட என்னால சொல்ல முடியாது."

வேங்கையன் தன் இறக்கையைத் தூக்கிப் பார்த்தான். பெரிய இறகுகளின் அடியில், காற்றை அடக்கிச் சத்தத்தை விழுங்கும் சின்னச் சின்ன இறகுகள் வரிசையாக இருந்தன. அவற்றை அலகால் கவ்விப் பிடுங்க ஆரம்பித்தான். ரத்தம் பட்டையில் சொட்டியது. பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்த அணில் பதறிப்போனது.

"பைத்தியமா உனக்கு? இனி நீ கெளம்புனா மலைக்கே கேக்கும். கழுகு வராதா?"

"வரட்டும்," என்றான் வேங்கையன். ஒன்றுகூட விடாமல் பிடுங்கினான்.

பிறகு அத்திமரத்துக்குக் கிளம்பினான். பிடுங்கிய இடைவெளிகளில் காற்று புகுந்து 'ஹூவ், ஹூவ்' என்று இரைந்தது. அவன் போகிற சத்தம் மருதாயிக்குக் கடைசிவரை கேட்டது. திரும்புகிற சத்தமும் கேட்டது, அவன் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே. அவள் குஞ்சைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, மரப்பேச்சில் அதுவரை எந்த வாயும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"லூஹூ."

இருக்கிறார். நான் பார்க்கவில்லை, கேட்கிறேன்.

அன்று முதல்தான் இருவாச்சி பறந்தால் அப்படி மலையே அதிர இரைகிறது. நாம் அண்ணாந்து பார்த்து, என்ன சத்தம் என்று கேட்கிறோம். இருட்டுப் பொந்தில் அடைந்து கிடப்பவளுக்கு அது தெரியும். அந்தச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை பொந்துக்குள் யாரும் 'இருந்தார்' என்று சொல்வதில்லை.