ஏழு சத்திரம் கட்டிய மந்திரி

மருதங்கோட்டை ராஜ்ஜியத்தின் வரி மந்திரி சந்தானமூர்த்தி, கொல்லையில் காய்த்த பூசணிக்காய்க்குக்கூட வரி கேட்கிற மனுஷர். வருகிற தை மாதம் அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதாக இருந்தது. அதற்குள் நாட்டுக்கு ஒரு நல்லது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். அவர் செய்கிற நல்லது வேறென்ன? இன்னொரு வரி.

"மன்னா, கஜானா காய்கிறது," என்றார் சபையில். "போரில் கை கால் இழந்த கிழட்டுச் சிப்பாய்கள் இருநூறு பேருக்கு ஆளுக்கொரு காணி நிலம் மானியமாகக் கொடுத்திருக்கிறோம். அதற்கு வரியே இல்லை. இனிமேல் போடலாம்."

மன்னர் வீரபூபதி தயங்கினார். "கிழவர்கள் எப்படி ஐயா பிழைப்பார்கள்?"

"வயதான காலத்துக்கு முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும், மன்னா! நான் செய்யவில்லையா? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்து நிலத்தில் போட்டேன். இவர்களுக்கு அந்தப் புத்தி எங்கே போயிற்று?"

கடைசி வரிசையில் கூத்தபிரான் உட்கார்ந்திருந்தான். சபையில் வேடிக்கை பேசிச் சம்பளம் வாங்குகிறவன்தான் அவன். ஆனால் அன்றைக்கு அவனுக்கு வேடிக்கை வரவில்லை. காலை வெட்டிக் கொடுத்தவனைப் பார்த்து, நீ ஏன் சேமிக்கவில்லை என்று கேட்கிறானே, இவனெல்லாம் மனுஷனா!

"மன்னா, அந்தக் கிழவர்கள் மேல் கை வைக்க வேண்டாம். கஜானாவுக்கு வேண்டிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது," என்றான்.

"எங்கே?"

"பத்து நாள் கொடுங்கள். தானாகவே சபைக்கு நடந்து வரும்."

"வராவிட்டால் பதினோராம் நாள் கிழவர்களுக்கு வரி. உனக்கும் இங்கே வேலை இல்லை," என்றார் மன்னர். மந்திரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்தப் பணம் இருக்கிற இடம் கூத்தபிரானுக்கு நன்றாகத் தெரியும். வழிப்போக்கருக்குச் சோறு போடுகிற சத்திரத்துக்கு அந்த ராஜ்ஜியத்தில் வரி கிடையாது. அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு மந்திரி ஏழு ஊரில் ஏழு கட்டடம் எழுப்பி, ஏழின் வாசலிலும் 'அன்ன சத்திரம்' என்று கல் நட்டிருந்தார். ஒன்றில் பட்டு வியாபாரி வாடகைக்கு இருந்தான். இன்னொன்றில் மிளகு மூட்டைகள் இருந்தன. ஆற்றங்கரையில் இருந்த பெரியதில் தேக்கு ஊஞ்சலும் பளிங்குத் தரையும் போட்டு, ஓய்வுக்குப் பிறகு தாம் குடியேறத் தயார் செய்து வைத்திருந்தார். ஒரு வழிப்போக்கன் வாயிலும் அங்கே ஒரு பருக்கை போனதில்லை. ஒருமுறை மழைக்கு ஒதுங்கப் போன கூத்தபிரானையே காவலாளி நாயை விட்டுத் துரத்தினான்.

இதை மன்னரிடம் நேராகச் சொல்லிவிடலாம். ஆனால் சோதனைக்கு ஆள் போகிற அன்று மந்திரி நாலு பிச்சைக்காரர்களை உட்கார வைத்துப் பாயசத்தோடு பரிமாறிக் காட்டுவார். உண்மை அவர் வாயாலேயே வந்தால்தான் உண்டு.

கூத்தபிரான் அன்றே கிழட்டுச் சிப்பாய்களைக் கூட்டினான். ஆளுக்கொரு வாழை இலையைக் கையில் கொடுத்தான். "யாத்திரை போங்கள். ஏழு சத்திரத்துக்கும் பிரிந்து போங்கள். யாரையும் திட்டாதீர்கள், எதையும் தொடாதீர்கள். இலையைப் போட்டு உட்காருங்கள். சோறு வரும் வரை எழுந்திருக்காதீர்கள்."

"வராதே, தம்பி," என்றார் ஒற்றைக்கால் வேலாயுதக் கோனார்.

"அதனால்தான் சொல்கிறேன், மாமா. பசிக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள்."

ஒன்பதாம் நாள் சந்தானமூர்த்தி தலைப்பாகை அவிழ, சபைக்குள் ஓடி வந்தார்.

"மன்னா! அநியாயம்! கிழட்டுப் பயல்கள் காவலாளியையும் மீறிக் கும்பலாக என் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் பளிங்குத் தரையில் ஒருவன் குறட்டை விடுகிறான்!"

மன்னர் பேசுவதற்குள் கூத்தபிரான் எழுந்தான். முகத்தில் அத்தனை பரிதாபம்!

"ஐயோ, மந்திரியாரே, நானும் கேள்விப்பட்டேன். அந்தக் கட்டடத்தில் உங்களுக்கு உரிமையே இல்லையாம். வழிப்போக்கர் சொத்தாம். சாகும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்கள்."

"யார் சொத்து? என் சொந்தக் காசில் கட்டியது! கதவு என்னுடையது, கூரை என்னுடையது!"

"ஆற்றங்கரை வீடு உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம். மற்ற ஆறு? அங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்களாமே?"

சொத்து போய்விடுமோ என்ற பயத்தில் மந்திரிக்குப் புத்தி வேலை செய்யவில்லை. "ஏழும் என்னுடையதுதான்! எவனுக்கும் அதில் ஒரு பிடி சோற்றுக்குக்கூடப் பாத்தியதை கிடையாது. இதுவரை போட்டதும் இல்லை! குலதெய்வத்தின் மேல் சத்தியம்!"

தாம் சொன்னது தம் காதிலேயே விழ, மந்திரியின் முகம் வெளுத்தது.

"அன்ன சத்திரம் என்று வரி தள்ளிய அந்த ஏழா? சோறு போடாத சத்திரமா?" என்றார் மன்னர் மெதுவாக. "அப்படியானால் ஏழுக்கும் கட்டிய நாளிலிருந்து நீர் வரி செலுத்த வேண்டும். கிழவர்கள் காணிக்கு இனி ஒருபோதும் வரி கிடையாது." பிறகு அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார். தம் கைக்காப்பைக் கழற்றிக் கூத்தபிரானிடம் நீட்டினார். "மறைந்து கிடந்த ஏழு வீட்டைக் கண்டுபிடித்ததற்கு உனக்கு."

கூத்தபிரான் வாங்கவில்லை.

"மந்திரியாருக்கே கொடுங்கள், மன்னா. கண்டுபிடித்துச் சொன்னது அவர்தானே! முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் உருப்படியாகச் செய்த வேலை இது ஒன்றுதான்."