வாயாடி நாரை வாயடைத்துப் போன கதை

பறவையும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், செங்கால் நாரையைப் போல ஒரு வாயாடி உலகத்திலேயே கிடையாது. நல்ல குரல் வேறு. குரலும் இருந்து சொல்ல விஷயமும் இருந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்கும்போது அது வடக்கே வெகு தொலைவிலிருந்து புறப்பட்டு, மலையும் பாலைவனமும் தாண்டி, நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வந்து இறங்கும். இறங்கிய கையோடு பேசத் தொடங்கிவிடும். வழியில் எந்த ராஜாவுக்கு யாரோடு சண்டை, எந்த ஊர்க் குளம் வற்றியது, எந்தக் குளத்துத் தவளை ருசி, ஒன்று விடாமல் சொல்லும். உப்பளத்து ஆட்கள் அதைத் தூரத்தில் கண்டாலே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவிவிடுவார்கள்.

அதன் பேச்சை உட்கார்ந்து கேட்டவள் ஆராயி ஒருத்திதான். ஆராயி துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பாய் தைக்கிறவள். கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது? அவள் தைத்த பாய் என்றால் மாலுமிகள் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள். துணியை நடுவில் கொஞ்சம் தளர விட்டுத் தைப்பாள். காற்று வந்ததும் பாய் புடைத்துக்கொண்டு முன்னே தள்ளும்; கப்பல் பறக்கும். "ஆராயி பாய்க்கு வயிறு உண்டு" என்று துறையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டால் அவளுக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போகும்.

ஒரு வருஷம் நாரை வந்து இறங்கியது. வாயே திறக்கவில்லை. ஆராயி ஊசியை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள்.

"என்னடி வாயாடி, உடம்புக்கு ஏதாவது நோவா?"

"எங்க ஊரு முழுகப் போவுது, பாய்க்காரம்மா" என்றது நாரை.

அதன் ஊர் கடலைவிடத் தாழ்ந்து கிடக்கிற தேசத்தில் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் தானாக வெளியே போகாது. காற்றாலைகள்தான் அதை இறைத்து மேட்டு வாய்க்காலில் ஏற்றிவிட வேண்டும். இடையில் சில வருஷங்கள் மழை பொய்த்தது. தண்ணீர் இல்லாதபோது ஆலை எதற்கு என்று ஊர்க்காரர்கள் எல்லா ஆலைகளையும் அப்படியே போட்டுவிட்டார்கள். இறக்கைகளில் கட்டியிருந்த பாய்கள் மக்கிக் கிழிந்தன. இப்போது மழை திரும்பி வந்துவிட்டது, ஆலைகள் திரும்பவில்லை.

"மரத்தையெல்லாம் சரி பண்ண யோரிஸ்னு ஒருத்தர் இருக்கார். பாய் தைக்கத்தான் நாதியில்ல. தெரிஞ்சவங்க எல்லாம் கப்பலோட போனவங்க, ஒருத்தரும் திரும்பல."

"ஊரு முழுகினா உனக்கு என்னடி? உனக்குத்தான் இறக்கை இருக்கே."

"எனக்கு இருக்கு. என் கூடு ஒரு ஆலை உச்சியில இருக்கு, பாய்க்காரம்மா. ஆலையோட கால் இப்பவே தண்ணியில ஊறிக்கிட்டு நிக்குது. அது சாஞ்சா நான் பறந்துடுவேன். வசந்தத்துல பொரியப் போற என் குஞ்சுங்க பறக்குமா?"

ஆராயி கையிலிருந்த பாயை அன்றைக்கே தைத்து முடித்தாள். மறுவாரமே ஊசிப் பையையும் தோல் கையுறையையும் எடுத்துக்கொண்டு, வடக்கே போகிற கப்பலில் ஏறினாள். வழியில் பாய் தைத்துக் கொடுப்பதாகச் சொன்னதால் மாலுமிகள் அவளிடம் கப்பல் கூலி கேட்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது அங்கே வசந்தம் பிறந்திருந்தது. அப்படி ஒரு தேசத்தை அவள் கனவிலும் கண்டதில்லை. கண்ணுக்கு எட்டிய வரை பலகை போட்டதுபோல் சமதளம். ஒரு மேடு, ஒரு குன்று, பேச்சுக்குக்கூடக் கிடையாது. கரை கட்டிய வாய்க்காலில் படகு போகிறது. கரைக்குக் கீழே மாடு மேய்கிறது. மாட்டின் தலைக்கு மேலே படகு போகிற அதிசயத்தைப் பார்த்து அவள் நின்றே விட்டாள். வாய்க்கால் ஓரமாக நாணல் கூரை வேய்ந்த ஆலைகள் வரிசையாக நின்றன. எதன் இறக்கையிலும் துணி இல்லை. வெறும் மரச் சட்டங்கள். குளித்துவிட்டு உடுத்தத் துணி வராமல் நிற்கிறவர்களைப் போல இருந்ததுகள், பாவம்.

யோரிஸ் நெட்டையான மனிதர். மரத்தைக் குடைந்து செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு டொக்கு டொக்கென்று நடப்பார். முதல் ஆலையின் மர வேலையெல்லாம் முடித்து வைத்திருந்தார். அதன் உச்சியில்தான் நாரை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. ஆராயியைக் கண்டதும் அது பேசிய பேச்சில் மாடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன. அதன் ஆண் நாரை பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றது. அது ஒரு சாது. கல்யாணமான நாளிலிருந்து அதற்குப் பேச இடம் கிடைத்ததில்லை.

"அம்மா, ஆலை ஓடணும்னா அந்தக் கூட்டை எடுத்துடணும்" என்றார் யோரிஸ். "ஓடுற ஆலைமேல குஞ்சு வச்சிருக்குறது ஆபத்து."

"முட்டை வச்ச கூட்டையா? நல்லா இருக்கு அண்ணே நீங்க சொல்றது! அதுக்கு ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு."

யோரிஸ் தலையைச் சொறிந்தார். பிறகு அடுத்த விஷயத்தைச் சொன்னார். ஆலைக்குப் பாயை இழுத்து, சட்டத்தோடு சட்டமாகத் தட்டையாகத்தான் கட்டுவது அந்த ஊர் வழக்கம்.

ஆராயி சிரித்துவிட்டாள். "தட்டையா இருக்குற பாய் காத்தைப் புடிக்காது அண்ணே, தடவித்தான் குடுக்கும். பாய்க்கு வயிறு வேணும். கடல்ல எத்தனை கப்பல் என் பாயில ஓடுது, கேட்டுப் பாருங்க."

கடலைப் பற்றி அவளிடம் வாதாட யோரிஸால் முடியவில்லை. அவள் தன் வழக்கப்படியே வயிறு விட்டுத் தைத்தாள். இறக்கைகளில் கட்டினார்கள். யோரிஸ் பிடிமரத்தைத் தளர்த்தினார். பிடிமரம் என்பது பெரிய சக்கரத்தைச் சுற்றி இறுக்கி ஆலையை நிறுத்துகிற மர வளையம். அது விலகியதும் பாய்கள் புடைத்தன, இறக்கைகள் அசைந்தன, ஆலை சுற்றத் தொடங்கியது. கீழே தண்ணீர் குபுகுபுவென்று ஏறி மேட்டு வாய்க்காலில் விழுந்தது. ஊரே கரையில் நின்று ஆரவாரம் செய்தது. யோரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆராயியும் அழுதாள், அவளுக்கு அழ வெட்கமில்லை.

அதன் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள். புல்வெளி தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டியது. மாடுகள் கொழுத்தன. வீட்டுக்கு வீடு ஆராயிக்குப் பாலாடைக் கட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் வாசனைக்கு அவள் பழகக் கொஞ்சம் நாளாயிற்று. கூட்டில் முட்டை பொரிந்து குஞ்சுகள் கத்தின. ஆராயி வாசல் படியில் உட்கார்ந்து அடுத்த ஆலைக்குப் பாய் தைப்பாள்; நாரை மேலேயிருந்து கதை பேசும். இருவருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

கோடையில் ஒரு பிற்பகல், மேற்கே வானம் திடீரென்று கறுத்தது. ஆண் நாரை தவளை தேடித் தூரத்துப் புல்வெளிக்குப் போயிருந்தது. யோரிஸ் ஓடிவந்து பிடிமரத்தின் கயிற்றில் தொங்கினார். ஆலை நிற்கவில்லை. பாய்களின் வயிறுகள் காற்றை மொத்தமாக வாரிக்கொண்டன. இறக்கைகள் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுழன்றன. சக்கரத்தோடு உரசி உரசிப் பிடிமரத்திலிருந்து புகை வந்தது.

"பாயை இறக்குங்க அண்ணே!" என்று கத்தினாள் ஆராயி.

"எப்படி இறக்குறது? ஆலை நின்னாத்தானே பாயில கை வைக்க முடியும்!"

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. கப்பலில் காற்று மீறினால் கீழே நின்றே கயிற்றை அவிழ்த்துவிடலாம், பாய் சரிந்துவிடும். சுழல்கிற இறக்கையில் எந்தக் கயிற்றை அவிழ்ப்பது? காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்றுதான் இந்த ஊர்க்காரர்கள் பாயைத் தட்டையாகக் கட்டினார்கள். நாணல் கூரை, காய்ந்த மரம், உள்ளே புகை. ஒரு பொறி போதும். உச்சியில் குஞ்சுகள் இருந்தன. நான் பொறுப்பு என்று சொன்னவள் அவள்தான்.

ஒரே வழிதான் மிச்சம். ஆலையின் தலைப்பாகம் மட்டும் தனியாகத் திரும்பும். அதன் பின்புறத்திலிருந்து தரை வரை ஒரு நீண்ட வால்மரம் இறங்கி வரும். அதன் அடியில் இருக்கிற ராட்டினத்தைச் சுற்றினால் தலை திரும்பும். இறக்கைகளைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் வேகம் குறையும், பிடிமரம் பிடிக்கும். யோரிஸால் கயிற்றை விட முடியாது. ஆராயி வெளியே ஓடி ராட்டினத்தைப் பிடித்தாள்.

ஆனால் அந்தக் காற்று ஒரு பக்கமாகவா அடித்தது? அவள் ஒரு பக்கம் திருப்புவதற்குள் மறுபக்கம் மாறியது. இறக்கைகளுக்குப் பின்னாலிருந்து அடித்தால் தலையே பிய்த்துக்கொண்டு போய்விடும்.

அப்போது மேலே நாரை கூட்டின்மேல் எழுந்து நின்றது. அங்கிருந்து அதற்குத் தூரத்து நாணல் காடு தெரிந்தது. எந்தப் பக்கத்து நாணல் படுக்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த காற்று வரும். "மேற்கேருந்து வருது, பாய்க்காரம்மா! வடக்கே திருப்பு!" என்று கத்தியது. ஆராயி திருப்பினாள். "இப்ப வடக்கேருந்து வருது, மேற்கே திருப்பு!" அவள் மேற்கே திருப்பினாள். காற்றின் இரைச்சல் ஏற ஏற நாரையும் குரலை உயர்த்தியது. இறக்கையை விரித்தால் காற்றே அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் விட்டிருக்கும். அது விரிக்கவில்லை. குஞ்சுகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் குரலாக்கிக் கத்தியது. ஒரு பெரிய காற்று வந்தபோது அதைவிடப் பெரிதாகக் கத்தியது. அந்தக் கத்தலின் நடுவிலேயே குரல் அறுந்துபோயிற்று.

ஆராயி அண்ணாந்து பார்த்தாள். நாரை வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

"எந்தப் பக்கம்டி? சொல்லுடி!" என்று அலறினாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் வால்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்து அழுதாள். அப்போது மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டகடகடகவென்று. நாரை கழுத்தை வளைத்து, ஆலைத்தலையின் மரத்தோடு அலகை வைத்து, மேலலகும் கீழலகும் மோத மோதத் தட்டியது. காற்றால் அடக்க முடியாத சத்தம் வால்மரம் வழியாகக் கீழே இறங்கியது. ஆராயி வலப்பக்கம் சுற்றினாள், சத்தம் நின்றது. இடப்பக்கம் சுற்றினாள்; டகடகவென்று மறுபடி கேட்டது. அவ்வளவு போதும் அவளுக்கு. சத்தம் வருகிற பக்கமெல்லாம் திருப்பினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கடைசியில் இறக்கைகள் காற்றுக்குப் பக்கவாட்டில் வந்தன, வேகம் தணிந்தது, உள்ளே பிடிமரம் கிறீச்சிட்டு இறுகியது. ஆலை நின்றது.

நின்றதும் ஆராயி கத்தியோடு இறக்கைச் சட்டத்தில் ஏறித் தன் பாய்களைத் தானே அறுத்துத் தள்ளினாள். யோரிஸ் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம்.

மழை விட்டபின் அவள் ஏணி வைத்து உச்சிக்கு ஏறினாள். குஞ்சுகள் நனைந்த பஞ்சாகக் கிடந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. நாரை அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. காற்றுத்தான் வந்தது.

"என் வீம்புக்கு உன் குரலைக் குடுத்துட்டியேடி" என்று ஆராயி தேம்பினாள். "நீ பேசாம நான் எப்படித் தைக்கிறது?"

அந்தச் சமயத்தில் ஆண் நாரை புல்வெளியிலிருந்து பதறிக்கொண்டு பறந்துவந்து கூட்டில் இறங்கியது. பெண் நாரை அதைக் கண்டதும், சொல்ல வேண்டியது அத்தனை இருந்ததால், தலையை முதுகு தொடும் அளவுக்குப் பின்னால் சாய்த்து டகடகவென்று அலகைத் தட்டியது. ஆண் நாரை திகைத்து நின்றது. பிறகு மெதுவாகத் தன் தலையையும் சாய்த்து, வாழ்க்கையில் முதல் முறையாகப் பதில் சொன்னது. இரண்டும் சேர்ந்து தட்டின. ஈரக் குஞ்சுகளும் தங்கள் குட்டி அலகுகளைத் தட்டிப் பார்த்தன. அழுதுகொண்டிருந்த ஆராயி சிரித்துவிட்டாள்.

மறுநாள் யோரிஸ் ஆலைக்குப் பக்கத்தில் உயரமான கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியில் பழைய வண்டிச் சக்கரத்தைப் படுக்க வைத்துக் கட்டினார். ஆராயி கூட்டைக் குஞ்சுகளோடு தூக்கி அதில் வைத்தாள். பிறகு எல்லா ஆலைகளுக்கும் தட்டையான பாய் தைத்தாள். ஆலைகள் சுற்றின, ஊர் முழுகவில்லை.

அந்த நாளிலிருந்துதான் அந்தத் தேசத்துக்காரர்கள் கம்பத்தின்மேல் சக்கரம் கட்டி நாரைக்கு வீடு கொடுக்கிறார்கள். பேசிக் காட்டத் தாய்க்குக் குரல் இல்லாததால் அந்தக் குஞ்சுகள் பேசக் கற்கவே இல்லை; அவற்றின் வம்சத்தில் வந்த செங்கால் நாரை எதற்கும் குரல் கிடையாது. வெளியே போன துணை கூட்டுக்குத் திரும்பி வந்தால் மட்டும், இரண்டும் தலையைப் பின்னால் சாய்த்து, நீ பிழைத்தாயா நான் பிழைத்தேன் என்று அலகைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொள்கின்றன.